மென்பொருள் மாறினால் கல்யாணப் படம் என்னவாகும்?

திருமணம் முடிந்து ஐந்து மாதமாகிறது. மணமகளின் தாயார் சுங்கைப்பட்டாணியிலுள்ள வீடியோ கடைக்கு மூன்றாவது முறையாகப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, எங்க வீட்டுக் கல்யாண வீடியோ என்னதான் ஆச்சு?" "அம்மா, கடையில புது சாப்ட்வேர் மாத்திட்டோம். பழைய வேலையெல்லாம் அதுல திறக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க." அந்த அம்மாள் போனை வைத்துவிட்டு, "முன்பணத்தை வாங்கிக்கிட்டுச் சாக்குச் சொல்றான்" என்று முணுமுணுப்பார்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. கூலிமோ, பீடோங்கோ, லுனாஸோ, பாடாங் செராயோ, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீட்டு நிகழ்வுகளை வீடியோ எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வீடியோ தொழிலில் இறங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கணினியில் வீடியோவை 'வெட்டி ஒட்டும்போது' உண்மையில் எதுவும் வெட்டப்படுவதில்லை, ஒட்டப்படுவதும் இல்லை. கேமராவில் பதிவான காட்சிகள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். "மூன்றாவது ஒளிநாடாவில் 12ஆவது நிமிடம் 5ஆவது விநாடியில் தாலி கட்டுவது வருகிறது, அங்கிருந்து எடு, அதற்கு மேல் நாதஸ்வரத்தை வை, முடிவில் மெல்ல மறைய விடு" என்பது போன்ற குறிப்புகளை மட்டுமே மென்பொருள் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புகளின் தொகுப்பைத்தான் புரொஜெக்ட் கோப்பு என்கிறார்கள்.

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் எழுதும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டுக்குள் பணம் இருப்பதில்லை. யார், எந்த ஊர், எத்தனை வெள்ளி என்ற விவரம்தான் இருக்கும். பணம் வேறு பெட்டியில். மொய் எழுதியவர் தமக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்தில் எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? பணம் பத்திரமாக இருக்கும், கணக்குப் போய்விடும். தொகுப்பு மென்பொருளை மாற்றும்போது நேர்வதும் இதுதான். காட்சிகள் எங்கும் போவதில்லை. அவற்றை அடுக்குவதற்காக ஒருவர் பல இரவுகள் கண்விழித்து எடுத்த முடிவுகள் போய்விடுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைத் தன் சுருக்கெழுத்தில்தான் எழுதுகிறது. மற்றவர் அதைப் படிக்க முடியாததில் நிறுவனத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே!

பெரிய இடங்களில் நடந்தது

கருவி மாற்றம் நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 1994 பொங்கலுக்கு வெளிவந்த கமல்ஹாசனின் 'மகாநதி', அவிட் என்ற கணினித் தொகுப்புக் கருவியைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று குறிப்பிடப்படுகிறது. அதுவரை தொகுப்பு என்றால் படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டுவதுதான். ஹாலிவுட்டில் வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற தொகுப்பாளர் இதைவிடத் துணிச்சலான காரியம் செய்தார். 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படத்தை இத்தாலியில் படச்சுருளில் தொகுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மகனுக்கு உடல்நலம் கெட்டது. வீடு திரும்ப வேண்டிய கட்டாயத்தில், பாதி வேலையில் அவிட்டுக்கு மாறி, வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார். 1997இல் அந்தப் படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, பாதியில் மாறினாலும் ஒன்றும் ஆகாது" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அவருக்குப் பின்னால் உதவியாளர்கள் இருந்தார்கள், தயாரிப்பாளரின் பணம் இருந்தது. பீடோங்கில் கடை வைத்திருப்பவருக்கு உதவியாளர் என்றால், பள்ளி விடுமுறையில் வரும் தம்பிதான்.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2011ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் பைனல் கட் புரோ 7ஆம் பதிப்பை உலகெங்கும் பல தொகுப்பாளர்கள் நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 21ஆம் தேதி ஆப்பிள் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட பைனல் கட் புரோ எக்ஸ் என்ற பதிப்பை வெளியிட்டு, பழையதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் ஒன்றுதான். ஆனால் பழைய பைனல் கட்டின் புரொஜெக்ட் கோப்புகளைப் புதிய பைனல் கட் திறக்கவில்லை. இரண்டு மூன்று கேமராக்களில் பதிவானதை ஒன்றாக ஓடவிட்டு வெட்டும் வசதியும் அதில் இல்லை. மணவறையில் ஒரு கேமரா, விருந்தினர் பக்கம் ஒரு கேமரா என்று எடுக்கும் கல்யாண வீடியோவுக்கு அந்த வசதி இல்லாவிட்டால் கை ஒடிந்தது போலத்தான். அது 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. கோபப்பட்ட பலர் அடோபியின் பிரீமியர் புரோவுக்குத் தாவினார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரீமியரின் தொடக்கப் பதிப்புகளை எழுதிய ராண்டி உபிலோஸ் என்பவர்தான் பின்னர் பைனல் கட்டையும் உருவாக்கியவர். ஒரே தச்சர் செய்த இரண்டு கட்டிலுக்கு நடுவில்தான் இத்தனை சண்டையும்!

அப்படித் தாவியவர்களையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. 2013இல் அடோபி பெட்டியில் வைத்து விற்கும் முறையை நிறுத்தத் தொடங்கி, சந்தா முறைக்குப் போனது. சந்தா நின்றால் மென்பொருள் வேலை செய்யாது. புரொஜெக்ட் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும், ஆனால் திறக்கும் சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்கும்.

எல்லாரும் மாறினார்களா என்றால், இல்லை. 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய கொரியப் படமான 'பாரசைட்', ஆப்பிள் கைவிட்ட அதே பைனல் கட் 7இல் தொகுக்கப்பட்டது. அதன் தொகுப்பாளர் யாங் ஜின் மோ, கைக்குப் பழகிய கருவியை விடவில்லை. "பழைய சாப்ட்வேரில் செய்தால் வாடிக்கையாளர் மதிக்க மாட்டார்" என்று பயப்படும் இளைஞர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது படம்தான். எந்த மென்பொருள் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

ஏன் மாறுகிறார்கள்?

2000ஆம் ஆண்டுகளில் சிறு கடைகளில் கைக்கு வந்ததெல்லாம் பினக்கிள், யூலீட், பிரீமியர், எடியஸ் போன்றவை. பாசார் மாலாமில் சில வெள்ளிக்கு விற்ற கள்ள வட்டுகளில் தொழிலைத் தொடங்கியவர்களும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அப்படிப்பட்ட வட்டு அடுத்த கணினியில் ஏறுமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விலைக்கு வாங்கியவர்களுக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. யூலீட் 2006இல் கோரல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதனோடு போட்டி போட்ட பினக்கிளும் 2012இல் அதே கோரலிடம் போய்ச் சேர்ந்தது. விண்டோஸ் மூவி மேக்கர் 2017 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது.

இன்று மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது டாவின்சி ரிசால்வ். படத்துக்கு வண்ணம் சீர்செய்யப் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த கருவி அது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் அதை வாங்கி, 2011இல் இலவசப் பதிப்பை வெளியிட்டது. பின்னர் படிப்படியாகத் தொகுப்பு, ஒலி என்று எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்தது. மாதச் சந்தா கட்டி அலுத்துப்போன சிறு கடைக்காரருக்கு, இலவசம் என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். சில புதிய கேமராக்களின் பதிவுகளை இலவசப் பதிப்பு ஒழுங்காகத் திறப்பதில்லை. கட்டணப் பதிப்பு தேவைப்படும். கணினி வாங்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே இலவசம் என்று சொல்ல வேண்டும்.

பணம், கணினி, கேமரா இந்த மூன்றில் ஒன்று நெருக்கினால் மாறலாம். பக்கத்துக் கடைக்காரர் மாறிவிட்டார் என்பது காரணமாகாது.

எது கூட வரும், எது வராது

ஒரு மென்பொருளின் கணக்கை இன்னொன்று படிப்பதற்குச் சில பொது மொழிகள் உண்டு. மிகப் பழையது இ.டி.எல். எனப்படும் தொகுப்புப் பட்டியல். ஒளிநாடாக் கருவிகளின் காலத்தில், 1970களில் பிறந்தது. எந்த நாடா, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பதை வரி வரியாகச் சொல்லும் வெறும் எழுத்துக் கோப்பு அது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அதனால்தான் இத்தனை காலமும் அது சாகவில்லை. எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். என்பவை அதைவிட அதிக விவரங்களைச் சுமக்கக்கூடியவை. பைனல் கட் 7 செத்துப்போனாலும் அது பேசிய எக்ஸ்.எம்.எல். மொழி சாகவில்லை. பிரீமியர் புரோ இன்றும் அதை எழுதும், ரிசால்வ் அதைப் படிக்கும். ஆப்பிளின் புதிய பைனல் கட்டுக்கோ அந்த மொழி விளங்காது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் வேண்டும்.

இவற்றின் வழியே வெட்டுகள் வரும், காட்சிகளின் வரிசை வரும், ஒலியும் சாதாரணக் கரைவும் வரும். நிறச் சீரமைப்பு, தனியாக வாங்கிப் பொருத்திய எபெக்ட்டுகள், நெஞ்சு வடிவில் திறக்கும் அந்தக் காலத்துக் கல்யாண மாற்றங்கள் எதுவும் வராது. (நெஞ்சு வடிவம் வராமல் போவதில் பலருக்கு வருத்தம் இருக்காது.)

வராதவற்றில் நம்மைத் தனியாக வாட்டுவது தமிழ் எழுத்து. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில் இயங்கின. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் அதே புரொஜெக்டைத் திறந்தால் போர்வை விலகிவிடும். 'திருமண அழைப்பு' என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக ஏதோ கிறுக்கல் தெரியும். இதற்கு மருந்து, பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எழுத்துருக் கோப்பை எடுத்து வைப்பது, அல்லது ஒவ்வொரு தலைப்பையும் பின்னணி இல்லாத படமாகச் சேமித்துக்கொள்வது. படமாகிவிட்டால் எந்த மென்பொருளும் அதைக் கெடுக்க முடியாது.

யூனிகோட் வந்ததும் தொல்லை தீர்ந்துவிட்டதா? வேறு தொல்லை வந்தது. யூனிகோடில் 'செ' என்பது முதலில் சகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தை மட்டுமே நினைத்து எழுதப்பட்ட பழைய தொகுப்பு மென்பொருள்களுக்கு அது தெரியாது. 'செல்வி' என்று அடித்தால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் அநாதையாக நிற்கும். பிரீமியர் புரோவில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து இயக்க வேண்டும். எனவே புது மென்பொருளைச் சோதிக்கும்போது முதல் வேலையாக 'கொ', 'நை', 'ஸ்ரீ', 'பௌ' என்று அடித்துப் பாருங்கள். அதில் தேறாவிட்டால் மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் நம் தொழிலுக்கு அது அரைக் கருவிதான்.

பழைய காட்சிகளின் அளவும் குழப்பம் தரும். மலேசியாவில் மினி டிவி கேமராக்கள் பால் முறையில் விநாடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளிகள் என்ற கணக்கில் பதிந்தன. அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டாகப் பிரித்துப் பதியப்பட்டது. புது மென்பொருளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் மணப்பெண்ணின் உருவம் அளவு மாறித் தெரியும். காவடி ஆடுகிறவரின் கைகளில் சீப்பின் பற்கள் போலக் கோடு கோடாக விழும். காட்சி கெட்டுவிட்டது என்று நாடாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கோளாறு அமைப்பில்தான், பதிவில் இல்லை.

கையின் பழக்கம் தனிக் கதை. பிரீமியர் போன்றவற்றில் நடுவிலுள்ள ஒரு காட்சியை நீக்கினால் அந்த இடம் காலியாக நிற்கும், மண்டபத்தில் ஒருவர் எழுந்துபோன நாற்காலி போல. புதிய பைனல் கட்டில் பூச்சரம் போல மற்றவை சரிந்து வந்து இடைவெளியை மூடிவிடும். இரண்டும் நல்ல முறைதான். ஆனால் பாட்டுக்கு ஏற்ப அளந்து வைத்த காட்சிகள் தானாக நகர்ந்தால் பழகாதவருக்குத் தலை சுற்றும். விசைப்பலகைக் குறுக்குவழிகளையாவது பழையபடி வைத்துக்கொள்ளலாம். ரிசால்வில் பிரீமியர், பைனல் கட், அவிட் பழக்கத்துக்கு ஏற்ற அமைப்புகள் தயாராக இருக்கின்றன.

தொடக்கத்தில் பார்த்த கடைக்காரரின் பிழை எதுவென்று இப்போது புரிந்திருக்கும். அவர் மாறியது தப்பில்லை. கையில் வேலை இருக்கும்போது மாறியதுதான் தப்பு. எந்த மென்பொருளில் ஒரு கல்யாணம் தொடங்கியதோ அதிலேயே அதை முடித்து, உயர்ந்த தரத்தில் முழுப் படத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். எழுத்தில்லாத ஒரு படி, ஒலி மட்டும் தனியாக ஒரு படி, கூடவே ஒரு எக்ஸ்.எம்.எல்., ஒரு இ.டி.எல். இவ்வளவும் எடுத்து வைத்த பிறகு பழைய மென்பொருள் போனாலும் கவலையில்லை. புதியதைப் பழகுவதற்கு, டெலிவரி கொடுத்து முடிந்த ஏதாவதொரு பழைய கல்யாணத்தின் மூன்று நிமிடத் துண்டை எடுத்துக்கொள்ளலாம். பழைய கணினியை உடனே விற்றுவிடாமல் ஓராண்டாவது மூலையில் வைத்திருப்பது நல்லது.

தோட்டத்து ஒளிநாடாக்கள்

கெடாவுக்கு இதில் இன்னொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் உண்டு. விற்கப்பட்டுத் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆன தோட்டங்கள் உண்டு. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, கோயில் வேறிடம் பெயர்ந்து, மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், கோலக்கெட்டில் என்று சிதறிய பிறகு, அந்தத் தோட்டம் அசைந்து பேசி நடமாடியதற்குச் சாட்சி எது? 1990களிலும் 2000களிலும் எடுத்த திருவிழா நாடாக்களும் கல்யாண நாடாக்களும்தான். தோட்டத்து வாழ்வைச் சொன்ன 'செம்மண் சாலை' போன்ற மலேசியத் தமிழ்ப் படம் 2005இல் டிஜிட்டல் முறையில் எடுக்கப்பட்டு நமக்குக் கிடைத்தது நல்லதுதான். ஆனால் அதில் நடிகர்கள் இருக்கிறார்கள். கடை அலமாரியில் கிடக்கும் நாடாவில் உங்கள் பாட்டி இருக்கிறார்.

அப்போது கடைகளில் வேலை முடிந்ததும் கணினியிலிருந்து காட்சிகளை அழித்துவிடுவார்கள். காரணம் இடநெருக்கடி. ஒரு மணி நேர மினி டிவி நாடாவுக்கு 13 ஜிகாபைட் வேண்டும். ஆறு நாடாக்கள் கொண்ட ஒரு கல்யாணத்துக்கே 78 ஜிகாபைட். அன்றைய 80 ஜிகாபைட் டிஸ்க் ஒரே கல்யாணத்தில் நிரம்பிவிடும். ஆகவே இன்று மிஞ்சியிருப்பது நாடா, கொஞ்சம் புரொஜெக்ட் கோப்புகள், வாடிக்கையாளர் வீட்டில் கீறல் விழுந்த டி.வி.டி. புரொஜெக்ட் கோப்பும் நாடாவும் இரண்டும் இருந்து, நாடாவின் பெயர் கோப்பில் உள்ளபடியே இருந்தால், நேரக் குறியீட்டைக் கொண்டு அதே காட்சிகளை மீண்டும் ஏற்றி அதே படத்தை உயிர்ப்பிக்க முடியும். அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் போய்விட்டால் நாடாவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத்தான் அடுக்க வேண்டும்.

நாடாவும் காத்திருக்காது. வெப்பமும் ஈரமும் உள்ள நம் நாட்டில் அதில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கேமராக்கள் பழுதாகின்றன. கணினியோடு இணைக்கும் பயர்வயர் வசதியும் விடைபெறுகிறது. ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. 200 நாடா வைத்திருக்கும் கடைக்கு வேண்டிய இடம் 2,600 ஜிகாபைட்தான், இன்றைய ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆனால் நாடாவை ஓடவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதால் 200 மணி நேரம் பிடிக்கும். இரவுக்கு நான்கு மணி நேரம் வைத்தால் 50 இரவுகள். ஒரு கடைக்காரர் சும்மா செய்யக்கூடிய வேலையல்ல இது. பழைய தோட்டத்து மக்கள் கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்டுவதுபோல, இதற்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் நடக்கும்.

நாடா உங்கள் வீட்டிலேயே இருந்தால், பெட்டியில் உள்ள பாதுகாப்புத் தாழை முதலில் நகர்த்திவிடுங்கள், மேலே பதிவாகாமல் இருக்கும். பிறகு வெளியே ஒட்டியிருக்கும் துண்டுத்தாளைப் பாருங்கள். பெரும்பாலும் 'திருவிழா 2' என்றுதான் எழுதியிருக்கும். எந்தத் தோட்டம், எத்தனையாவது பிரிவு, எந்த ஆண்டு, தீமிதியில் முன்னால் கரகம் எடுத்து வருகிறவர் யார் என்பது வீட்டிலுள்ள பெரியவருக்கு மட்டுமே தெரியும். கடைக்குக் கொண்டுபோகும் முன் அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.